பவுனுக்குப் பத்லி கிடையாது

"ஒண்ணும் பண்ணாதவள எதுக்குடி ஜெயில்ல போட்டாங்க? சர்க்காருக்கு வேற வேலை இல்லையா?" என்று தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது தமிழ்செல்வி கேட்கிறாள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறாள். கேள்வி மட்டும் வரிசையிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

பதில் இருக்கிறது. பவுனு திகார் ஜெயிலுக்குப் போனது உண்மைதான். யாரும் மறைக்கவில்லை. ஆனால் சங்கிலி திருடினாள் என்கிறார்களே, அதற்காகப் போகவில்லை. சங்கிலி கேஸில் அவள் ஜாமீனில் வெளியேதான் இருந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வெளியேயே இருந்திருப்பாள். அவள் உள்ளே போனது, ஜட்ஜம்மா முன்னால் தானாகவே போய் நின்று, "அன்னைக்கு இங்க நின்னது நான் இல்லைங்க" என்று சொன்னதற்காக. திருடியவள் எவளாவது அப்படிப் போய்ச் சொல்வாளா? தமிழ்செல்வி அதை யோசித்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

இன்னொரு பேச்சும் இந்தத் தெருவில் ஓடுகிறது. பவுனுக்குக் கோர்ட் என்றால் கொண்டாட்டமாம். தேதி வந்தால் தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போகிறாளாம். ஆமாம், போனாள். அழுக்குச் சேலையோடு போய் நின்றிருந்தால், "பாத்தாலே தெரியுதே" என்றிருப்பார்கள் இதே ஆட்கள்.

பவுனு கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. கருப்பசாமியைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தவள். அவனுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அவளுக்கு வீட்டு வேலை. திரிலோக்புரியில் ஒற்றை அறை, ரோட்டைத் தாண்டினால் மயூர் விஹார். அங்கே ஒரு சொசைட்டி ஃப்ளாட்டில் அனந்தலக்ஷ்மி மாமி வீடு. மாமியின் கணவர் சேஷன் மத்திய சர்க்காரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு ஹிந்தி நன்றாக வரும், ஆனாலும் வாய் தமிழுக்கு ஏங்கும். பவுனு பாத்திரம் தேய்த்து முடித்ததும் எதிரே உட்காரவைத்து, அவள் கீரை ஆய, தான் பேசிக்கொண்டே இருப்பாள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது. நவராத்திரிக்கு மாமி வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்த கடுகு நிறச் சேலையைப் பவுனு பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். நல்ல நாளுக்கு மட்டும் எடுப்பாள்.

ஒரு வரலக்ஷ்மி நோன்புக்கு மாமி வங்கி லாக்கரிலிருந்து நகைகளை எடுத்து வந்து, கலசத்து அம்மனுக்குச் சங்கிலி போட்டாள். பூஜை முடிந்து சங்கிலி பீரோவுக்குள் போனது. அந்த வாரம் ஏ.சி. பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். கீழ் வீட்டு டிரைவர் சிலிண்டர் தூக்கி வைத்துவிட்டுப் போனான். பவுனு வழக்கம்போல வந்தாள், போனாள். மறுபடி பீரோவைத் திறந்தபோது சங்கிலி இல்லை.

போலீஸ்காரர் வந்து, "யார் மேலயாவது சந்தேகமா?" என்றார். சேஷன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேலைக்காரிதான்" என்றார். மாமி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மறுத்துப் பேசவில்லை.

பவுனுவின் அறையில் அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள், சாமி படத்துக்குப் பின்னால் தடவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படியும் கேஸ் எழுதினார்கள். ஜாமீன் கிடைத்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது மயூர் விஹார் கேட்டில் அவளை உள்ளே விடக் கூடாதென்று சொல்லியாகிவிட்டது. வேறு பக்கம் போய் வேறு வீடுகள் பிடித்தாள்.

கோர்ட்டில் அவளுக்கு இலவச வக்கீல் ஒருவரைக் கொடுத்தார்கள். அபினவ் என்று பெயர். சின்ன வயசு, நல்ல மனசு. தாடிதான் இன்னும் முழுசாக வரவில்லை.

"ஆன்ட்டி, நீங்க ஒவ்வொரு தேதிக்கும் வந்து கால்கடுக்க நிக்க வேண்டாம். வராததுக்கு மனு ஒண்ணு போட்டுடறேன். உங்க சார்பா நான் நிப்பேன்" என்றார் ஹிந்தியில்.

"வேணாம் பையா. நானே வரேன்." தில்லிப் பழக்கத்தில் 'பையா' என்றால் அண்ணா.

"இல்லேன்னா இன்னொண்ணும் பண்ணலாம். ஒத்துக்கிட்டா சின்ன தண்டனையோட முடிச்சிடுவாங்க. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க."

"ஒத்துக்கிட்டா நான் திருடினதா ஆயிடுமே?"

"காகிதத்துல மட்டும்தான்."

"அச்சா. அப்ப நீங்க ஒத்துக்கோங்க. உங்க பேரை அந்தக் காகிதத்துல எழுதிக்கட்டும்."

அபினவ் சிரித்துவிட்டார். ஆனால் பவுனு சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். "மாமி வரட்டும். நான்தான் எடுத்தேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அவங்க சொல்றப்ப நான் அங்க நிக்கணும், பையா. என் முதுகுக்குப் பின்னால சொல்லக் கூடாது."

"அது உங்க உரிமைதான். குத்தம் சாட்டப்பட்டவங்க முன்னாலதான் சாட்சி சொல்லணும்னு சட்டத்துலயே இருக்கு" என்றார் அவர்.

"சட்டத்துலயே இருக்கா?" பவுனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எழுதினவருக்கு விவரம் தெரிஞ்சிருக்கு."

அன்றிலிருந்து ஒரு தேதி விடாமல் போனாள். காய்ச்சலில் கிடந்த ஒரே ஒரு தடவை அபினவ் மனு போட்டார். அப்போதிருந்த ஜட்ஜ் முகம் சுளித்து, இனிமேல் மனு கினு வேண்டாம், ஆள் நேரில் வர வேண்டும் என்று எழுதிவிட்டார். தேதி மட்டும் வந்துகொண்டே இருந்தது, சாட்சி வரவில்லை. மாமியும் மாமாவும் பெங்களூரில் மகன் அக்ஷய் வீட்டோடு போய்விட்டார்கள் என்று கேள்வி.

தேதி வரும் நாளெல்லாம் பவுனு வேலை செய்யும் வீடுகளுக்குக் கருப்பசாமியின் தங்கை முத்தம்மா பத்லி போவாள். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்குள் இது ஒரு ஏற்பாடு. ஒருத்தி லீவு போட்டால் வீட்டுக்காரர்கள் முணுமுணுக்காதபடி இன்னொருத்தியைப் பதிலுக்கு அனுப்பிவிட வேண்டும். அதுதான் பத்லி. இன்றைக்கு நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. வீட்டுக்காரர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வீட்டில் முத்தம்மாவைச் சாயங்காலம் வரை 'பவுனு, பவுனு' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் 'ஹாஞ்ஜி' என்று திரும்பிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பழக்கம்தான் குழியில் தள்ளியது.

ஒரு தேதியன்று, பவுனு வேலை செய்கிற வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். "அன்னைக்கு பத்லி கித்லி அனுப்பினா நீயும் வராதே" என்று அந்த வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அபினவும் ஃபோனில், "நாளைக்கு ஒண்ணும் நடக்காது ஆன்ட்டி. ஜட்ஜ் புதுசா வந்திருக்காங்க, அடுத்த தேதி குடுத்து அனுப்பிடுவாங்க. நான்கூட வரலை" என்றிருந்தார். போகாவிட்டால் வாரண்ட் வரும், போனால் வேலை போகும்.

கருப்பசாமி சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னான். "எப்பவும் முத்து உனக்குப் பதிலா வேலைக்குப் போறா. நாளைக்கு மாத்திக்கோ. நீ வேலைக்குப் போ, அவ கோர்ட்டுக்குப் போகட்டும். பேரைக் கூப்பிட்டா கையத் தூக்கணும், அவ்ளோதான? அங்க மூஞ்சியப் பாக்கறது யாரு?"

"அது கோர்ட்டுய்யா."

"கோர்ட்டுன்னா என்ன, அங்க நிக்கிறதுக்குப் படிச்சிருக்கணுமா?"

முத்தம்மாவுக்கும் ஆசைதான். கோர்ட்டை அவள் பார்த்ததில்லை. பவுனு மனசில்லாமல்தான் தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு நிற்காமல், போகிறவள் மரியாதையாகப் போகட்டும் என்று பெட்டியைத் திறந்து அந்தக் கடுகு நிறச் சேலையையும் எடுத்துக் கொடுத்தாள்.

முத்தம்மா கோர்ட்டில் சுவரோரமாகப் போய் நின்றாள். பேரைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கி, "ஆஜர்" என்றாள். அபினவுக்காக வேறொரு வக்கீல் வந்திருந்தார். கோர்ட்டில் வக்கீல்களுக்கும் பத்லி உண்டு. பவுனுவை அவர் கண்டதில்லை. ஜட்ஜம்மா புதுசு. கேஸ் நடத்தும் சர்க்கார் வக்கீலுக்குக் காகிதக் கட்டுக்குள்ளிருந்து தலை நிமிர நேரமில்லை. இதோடு தேதி கொடுத்து அனுப்புவார்கள் என்று முத்தம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுவரில் இருந்த டீவி உயிர்பெற்றது. அதற்குள் மாமி உட்கார்ந்திருந்தாள். பெங்களூரிலிருந்து.

அந்த அறையில் பவுனுவின் முகம் தெரிந்தவள் மாமி ஒருத்திதான்.

இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டார்கள், மாமி என்னென்னவோ சொன்னாள். நடுவில் கேமராவை முத்தம்மா பக்கம் திருப்பினார்கள். அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டீவிக்குள்ளிருந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆமாம், அவள்தான் பவுனு என்றாள். சரியாக அடையாளம் காட்டினார் என்று ஜட்ஜம்மா எழுதிக்கொண்டார். பத்லி வக்கீல் கேள்வி ஏதும் இல்லை என்றார். முடிந்துவிட்டது.

சாயங்காலம் முத்தம்மா சிரிப்பும் அழுகையுமாக ஓடி வந்தாள். "அண்ணி, மாமி என்னைப் பாத்து நீதான்னு சொல்லிட்டாங்க அண்ணி!"

பவுனு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையா பாத்தாங்க? அந்தச் சேலையைப் பாத்திருக்காங்க. அவுங்க குடுத்த சேலை."

"நல்லதாப் போச்சு, விடு" என்றான் கருப்பசாமி.

"என்னய்யா நல்லது? என்ன சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் இருந்தேனா? எத்தனை தேதி போய் நின்னேன், அவுங்க சொல்றதக் காதால கேக்கணும்னு! சொன்ன அன்னைக்கு நான் எவ வீட்டுலயோ பூரி தேச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

மாமி என்ன சொன்னாள் என்பது அபினவ் சொல்லித்தான் தெரிந்தது. அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆன்ட்டி, நீங்க பீரோவைத் திறந்து கையை விட்டதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லியிருக்காங்க. நீங்களும் அங்கதான இருந்தீங்க, நான் அனுப்பின வக்கீல்கிட்ட ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"நான் அங்க இல்ல பையா" என்றாள் பவுனு. நடந்ததைச் சொன்னாள்.

"இது தனிக் குத்தம் ஆன்ட்டி. கோர்ட்டை ஏமாத்தினது. உங்களையும் பிடிப்பாங்க, வந்தவங்களையும் பிடிப்பாங்க. நீங்களா போய் வாயைத் திறக்காதீங்க. நான் வேற ஏதாவது பாக்கறேன்."

"வேற என்னத்தப் பாப்பீங்க? என் முன்னால சொல்லணும்னு சட்டத்துல இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க? முத்து முன்னால சொன்னது எனக்கு எப்படிச் செல்லும்?"

"செல்லாதுதான். ஆனா அதைச் சொல்லணும்னா, நீங்க வரலைங்கறதையும் சொல்லணுமே."

"சொல்றேன்."

கருப்பசாமி அன்று ஆடின ஆட்டம் கொஞ்சமில்லை. உனக்குப் பைத்தியமா, கையில் இருக்கிற ஜாமீனையும் விட்டுவிட்டு உள்ளே போய் உட்காரப் போகிறாயா என்று கத்தினான். பவுனு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "உள்ள போட்டா வெளிய வரேன். ஆனா நான் இல்லாதப்ப ஒரு பொய்யை எழுதி வச்சிருக்காங்க. அது அங்க கிடக்கக் கூடாது."

அடுத்த தேதிக்குப் பேரைக் கூப்பிட்டதும் பவுனு சுவரோரம் நிற்கவில்லை. நேராக ஜட்ஜம்மா மேஜைக்கு முன்னால் போனாள். அபினவ் முன்கூட்டியே தெரிந்திருந்தும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜட்ஜ் சாஹிபா, போன தடவை இங்க நின்னது நான் இல்ல. எனக்குப் பதிலா வேற ஆள் நின்னாங்க. அனுப்பினது நான்தான்" என்று ஹிந்தியில் சொன்னாள்.

பேனாக்கள் எல்லாம் நின்றன. ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

"யார் வந்தது?"

"அதை மட்டும் கேக்காதீங்க. அவ எனக்கு உதவிக்கு வந்தவ. தப்பு என்னுது."

"சொல்லலைன்னா உங்க ஜாமீன் ரத்தாகும்."

"ஆகட்டுங்க. ஆனா அந்தச் சாட்சியை என் முன்னால மறுபடி கேளுங்க. மாமிக்கு நான் யாருன்னு நல்லாத் தெரியும். என் கையால ஆஞ்ச கீரையச் சாப்பிட்டவங்க. என்னை நேரா பாத்துச் சொல்லட்டும், அதுக்கு அப்புறம் எத்தனை வருஷம் போட்டாலும் இருக்கேன்."

வாசலுக்கு வெளியே முத்தம்மா விம்மிக்கொண்டு நின்றாள். உள்ளே வரக் காலெடுத்து வைத்தவளைப் பவுனு திரும்பி ஒரு முறை முறைத்தாள். முத்தம்மா அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பெண் போலீஸ் ஒருவர் பவுனுவின் கையைப் பிடித்தார்.

அதற்காகத்தான் திகார். தெருவில் சொல்கிற மாதிரி சங்கிலிக்காக இல்லை. உள்ளே பவுனு சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒருத்திக்கு அவள் கேஸ் என்னவென்றே தெரியவில்லை என்று கேட்டு, சாட்சி சொல்லும்போது நீ கட்டாயம் நிற்க வேண்டும் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தாளாம்.

அபினவ் ஓடியாடினார். குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாதபோது வாங்கிய சாட்சியம் செல்லாது, மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஜட்ஜம்மா ஒப்புக்கொண்டார். டீவியில் அடையாளம் காட்டியது ஒரு தடவை தப்பாகப் போயிற்று, இந்தத் தடவை சாட்சி நேரில் வர வேண்டும் என்றும் எழுதினார். பவுனுவை மறுபடி ஜாமீனில் விட்டார்.

மாமி பெங்களூரிலிருந்து வந்தாள். இளைத்திருந்தாள். கூண்டில் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பவுனு கடுகு நிறச் சேலையில் வந்திருந்தாள். அபினவ் கேட்டுக்கொண்டதால் சுவரோரத்திலிருந்து அவளை முன்னால் வரச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மேஜைதான்.

சர்க்கார் வக்கீல் இங்கிலீஷில் ஆரம்பித்தார். மாமியும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். பவுனு கையைத் தூக்கினாள்.

"எனக்குப் புரியலைங்க. எனக்குப் புரியாத பாஷையில சொன்னா, நான் இங்க இருந்தும் இல்லாத மாதிரிதான்."

ஜட்ஜம்மா லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "சரி, ஹிந்தியில் சொல்லுங்க" என்றார்.

சர்க்கார் வக்கீல் கேட்டார்: "இந்தப் பெண் பீரோவில் கை விட்டதை நீங்க பாத்தீங்களா?"

மாமி வாயைத் திறந்தாள். ஹிந்தி வரவில்லை. பவுனு கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்தபடி எதிரே உட்கார்ந்து கதை கேட்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

"என்ன ஏண்டி அப்படிப் பாக்கறே?" என்றாள் மாமி, தமிழில்.

"நீங்க சொல்லுங்க மாமி. நான் கேக்கத்தான் வந்திருக்கேன்."

"நான் பாக்கலைடி." மாமியின் குரல் உடைந்தது. "சத்தியமா நான் ஒண்ணும் பாக்கலை. சங்கிலி இல்லைன்னதும் அவர்தான் உன் பேரைச் சொன்னார். அப்புறம், பாத்தேன்னு சொன்னாத்தான் கேஸ் நிக்கும்னு எல்லாரும் சொன்னா. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துண்டு சொல்றச்சே ஒண்ணும் தோணலை. இப்போ உன்ன எதிர்ல வச்சுண்டு எப்படிச் சொல்லுவேன்?"

அறையில் மற்ற யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "சாட்சி என்ன சொல்றாங்க?" என்று ஜட்ஜம்மா கேட்டார். அபினவ் பவுனுவைப் பார்த்தார். பவுனு மாமியைக் கைகாட்டினாள். "அவுங்களே சொல்லுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, நிதானமான நல்ல ஹிந்தியில், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஜட்ஜம்மா எழுத எழுத நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்தச் சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று பவுனுக்கும் தெரியாது, மாமிக்கும் தெரியாது. கிடைத்திருந்தால் இந்தத் தெருவின் வாய் அடைத்திருக்கும். கிடைக்காததால் தமிழ்செல்வி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கட்டும்.

தீர்ப்பு நாளில் பவுனுவோடு யாரும் வரவில்லை. கருப்பசாமி நோய்டாவில் ஒரு கட்டடத்தில் சாரத்தின் மேல் இருந்தான். முத்தம்மா பவுனு வேலை செய்யும் வீடுகளுக்குப் பத்லி போயிருந்தாள். பவுனு தனியாக முன்னால் போய் நின்றாள். திருட்டுக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை என்று ஜட்ஜம்மா ஹிந்தியிலேயே படித்தார். ஆள் மாற்றி அனுப்பிய தப்புக்கு அவள் உள்ளே இருந்த நாட்களே போதும் என்றும் சொன்னார். "இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது" என்றார்.

"செய்ய மாட்டேங்க. வேலைக்கு அனுப்புவேன், கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள் பவுனு. இந்தத் தடவை ஜட்ஜம்மா நிஜமாகவே சிரித்தார்.

பவுனு கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் நின்ற பியூன் அடுத்த பேரைக் கூவினான். வெளியே பெஞ்சில் ஒரு பெண் எழுந்திருப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கையில் பிளாஸ்டிக் பை.

"உன் பேரா?" என்று பவுனு ஹிந்தியில் கேட்டாள்.

அவள் தலையை ஆட்டினாள்.

"சாட்சி வந்திருக்கா?"

"வந்திருக்குன்னு சொல்றாங்க."

"அப்ப எழுந்திரு. சுவரோரமா நிக்காத. முன்னால போய் நில்லு."

அந்தப் பெண் உள்ளே போகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பவுனு. பிறகு கதவை விட்டுவிட்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள்.